மாயன் சக்கரத்தில் இல்லாத நாள்

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மாயன் நாட்காட்டி செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர் முரசுமோட்டையில் வயல்வெட்டு நடக்கிற நேரம், ரீச்சரான எனக்கு இந்த வீண்வேலை தேவையா? குசினியில், அடுப்படிக்குப் பக்கத்து மேசையில் அட்டையும் கத்தரிக்கோலுமாக இருந்தேன்.

ஒரு சக்கரத்தில் ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள். இன்னொன்றில் இருபது நாட்பெயர்கள். பல்லோடு பல் கோத்துச் சுற்றினால், அதே எண்ணும் அதே பெயரும் மறுபடி சேர இருநூற்று அறுபது நாள் செல்லும். மூன்றாவது பெரிய சக்கரம் வருடம். அதில் இருபது நாள் கொண்ட பதினெட்டு மாதங்கள். எந்த மாதத்திலும் சேராமல் மிஞ்சுகிற ஐந்தும் கூடாத, கெட்ட நாட்கள். மூன்று சக்கரங்களும் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப ஐம்பத்திரண்டு வருடம் ஆகும்.

கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "இதைச் சுத்திச் சுத்தி அவன்ர நாளைப் பிடிக்கேலாதோ?"

அவன் என்றது என் அண்ணனை. போர் முடிகிற காலத்தில், இருட்டிக்கொண்டு வந்த ஒரு மைமல் பொழுதில், நாங்கள் பதுங்கியிருந்த பங்கரிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பவில்லை. அப்போது எங்களுக்குக் கிழமையும் இல்லை, திகதியும் இல்லை. எல்லா நாளும் அந்தக் கூடாத ஐந்து நாள்தான். திவசம் செய்யத் திதி வேண்டும். வளர்பிறையா தேய்பிறையா என்றாவது தெரிய வேண்டும். ஆடி அமாவாசைக்குச் செய்யுங்கோ என்றார் ஐயர். அது தகப்பன்மாருக்கு என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இருதய வருத்தக்காரி. கண் மூட முதல் மகனுக்கு உரிய நாளில் ஒரு பிடி சோறு படைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

திவசம் என்றாலே அண்ணி அசையமாட்டார். அண்ணன் போன பொழுது நல்ல நிலவு என்பார். அம்மாவோ, அது நிலவில்லை, பரா என்பார். பரா என்பது ஆமிக்காரர் வானத்தில் சுட்டுத் தொங்கவிடுகிற வெளிச்சம். அதற்குப் பின்னாலேயே செல் வந்து விழுந்து வெடிக்கும். நிலவென்றால் அண்ணன் எங்கேயோ நடந்து போய்த் தப்பியிருக்கலாம். பரா என்றால் இல்லை. இந்த ஒரு வாக்குவாதத்திலேயே எங்கள் வருடங்கள் போயின. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அன்றைக்கு வெடித்தேன்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின சனம் ஒரு நாளும் தவறாமல் எண்ணி வச்சிருக்குதுகள். உங்க ரெண்டு பேருக்கும் ஒரேயொரு பொழுது தெரியேல்லை!"

அடுப்படியில் நின்ற அண்ணி திரும்பினார். நெற்றியில் அன்றும் குங்குமம்.

"அது பராதான், மச்சாள். நான் அண்டைக்கே கண்டனான். நிலவெண்டு சொல்லிக்கொண்டிருந்தா வந்திடுவார் எண்டு இருந்தன்." பிறகு அம்மாவைப் பார்த்தார். "இருட்டுக் காலந்தான் மாமி, தேய்பிறை. நாளைக் குறியுங்கோ."

ஐயோ, ஏன்தான் வாயைத் திறந்தேன் என்றிருந்தது. அண்ணி கையால் நெற்றியைத் துடைக்கப் போனார்.

அம்மா மேசையைப் பிடித்துப் பிடித்து எழும்பி வந்து அந்தக் கையைப் பற்றினார்.

"இல்லைப் பிள்ளை. எனக்கு அப்பவே கண் மங்கல். பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார். "அது நிலவுதான்."