கடைசிப் பக்கத்துக்காரர்

துப்பறியும் நாவல் எதைக் கையில் கொடுத்தாலும், அவர் முதலில் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, கடைசி இரண்டு பக்கங்களை நின்றபடியே படித்துவிடுகிறார். உதடு லேசாக அசைகிறது. குற்றவாளி யார் என்று தெரிந்ததும் பெருமூச்சு விடுகிறார். பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் ரசித்துப் படிக்கிறார்.

"அந்தச் சமையல்காரன் பண்ணலை. அது போதும் சார். இனிமே நிம்மதியாப் படிக்கலாம்."

இதை அவர் சொல்வது, துப்பறியும் கதை எழுதியே வயிறு வளர்க்கும் என்னிடம். குற்றவாளியைக் கடைசிவரை ஒளித்து வைக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மனிதர் அரை நிமிடத்தில் அத்தனையிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிடுகிறார். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தப்பே பண்ணாத ஒரு ஆளை, புத்தகம் முழுக்க எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்குறாங்க. எழுதுறவர் நீங்க, உங்களுக்கு எப்படி சார் மனசு வருது?"

கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது, கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள் என்று பேச்சை மாற்றினேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் விற்பனையாளர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கடையில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'க்ளைமாக்ஸ்'. வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, மூக்கையும் காதையும்தான் பார்க்கிறார். "இது உங்களுக்கு அழகா இருக்கு" என்ற பொய்யை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "இது உங்க மூக்குக்குப் பிடிச்சிருக்கு" என்பார். மூக்கு ஒப்புக்கொண்ட பிறகு முகம் என்ன சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வீட்டில் அவர் மனைவி வைத்ததுதான் சட்டம். டிவியில் படம் போட்டால், ஏற்கெனவே பார்த்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "பயப்படாதீங்க, அவன் தப்பிச்சுடுவான்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவார். "நாங்க புதுப் படமாத்தான் பாக்குறது. சமையலறை பளபளன்னு இருக்கு" என்கிறார் அந்த அம்மாள். தொடர்கதைதான் இவருக்குப் பெரிய சோதனை, அதில் கடைசிப் பக்கமே இருக்காது. போன வருடம் என் தொடர் ஒன்றில் ஒரு தோட்டக்காரனைச் சிறையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தால் வாசலில் நிற்கிறார். "அவன் இல்லைல்ல சார்? அத மட்டும் சொல்லிடுங்க, தூக்கம் வர மாட்டேங்குது." சொல்லித் தொலைத்தேன்.

இப்படிப்பட்டவர் வேலை பார்க்கும் கடையிலேயே ஒருநாள் கதை நடந்துவிட்டது. நல்லவேளை, புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க நானும் போயிருந்தேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அந்தக் கடைக்குப் பழைய வாடிக்கை. மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த தங்க ஃபிரேம் அவருடையது. ஃபிரேம் அப்படியே இருக்க, லென்ஸை மட்டும் மாற்றக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், சாயங்காலம் வருவார். அந்த ஃபிரேமைக் காணோம்.

கடைசியாகத் தொட்டவர் மாஸ்டர். தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பழைய லென்ஸைக் கழட்டினேன், ஃபிரேமைத் தட்டுல வச்சேன், கை கழுவப் போனேன், வந்து பாத்தா இல்லை." அவர் சொன்னது இவ்வளவுதான். கழற்றிய லென்ஸ் இரண்டும் அவர் மேஜையில் பத்திரமாக இருந்ததே அவருக்கு எதிராகப் போயிற்று. "லென்ஸ் மட்டும் இருக்கு, ஃபிரேம் மட்டும் கால் முளைச்சு நடந்துடுச்சா?" என்றார் முதலாளி.

முதலாளி கெட்டவர் இல்லை. அந்தத் தலைமையாசிரியையிடம் படித்தவர், அவ்வளவுதான் விஷயம். சின்ன வயதில் அவர் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியது இன்னும் முழங்காலில் நினைவிருக்கிறது போலும். பயம் கண்ணை மறைத்துவிட்டது. மேஜை இழுப்பறை, தடுப்பின் பின்பக்கம், குப்பைக்கூடை எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, கடைசியில் மாஸ்டரின் பையை எடுத்து வாடிக்கையாளர்கள் எதிரிலேயே கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு துண்டு, பேத்திக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலம். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதையில் எத்தனையோ பேரின் பையைக் கவிழ்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு.

"அம்மா வர்றதுக்குள்ள ஃபிரேம் வந்தாகணும். இல்லைன்னா போலீஸுக்குத்தான் போவேன்" என்றார் முதலாளி.

க்ளைமாக்ஸின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "இதுக்குக் கடைசிப் பக்கம் எங்க சார் இருக்கு?" என்று முணுமுணுத்தார். இத்தனை நாவல் படித்தும் துப்பறியும் மூளை அவரிடம் துளிகூடக் கிடையாது. முடிவு தெரிந்து படிக்கிறவர் தடயத்தை எதற்குக் கவனிக்கப் போகிறார்? கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். பிறகு தனக்குத்தானே பேச ஆரம்பித்தார்.

"சரி, நாமளே வச்சுக்குவோம். மாஸ்டர் எடுக்கலை. யாருமே எடுக்கலை. அதான் முடிவு. யாரும் எடுக்கலைன்னா கடைக்குள்ளதான் இருக்கணும். ஃபிரேம் கடையில ஃபிரேம் எங்க இருக்கும்?"

விற்பனைக்கு ஃபிரேம்கள் அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். அந்த ஓர் இடத்தைத்தான் யாரும் தேடியிருக்கவில்லை. விற்கிற சரக்குக்குள் எவன் போய்த் தேடுவான்? அதே மாதிரி மெல்லிய வட்ட ஃபிரேம் மறுபடி நாகரிகமாகி, தங்க நிறத்தில் ஒரு தட்டு முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு வேறு தொங்கியது.

அவர் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். கழற்றி வைத்தார். அடுத்ததை மாட்டினார். கடையே அவரை வேடிக்கை பார்த்தது.

"ஏன்யா, இங்க என் மானம் போகுது, நீ மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணிட்டிருக்க?" என்று முதலாளி கத்தினார்.

"ஒரு நிமிஷம் சார். அந்தம்மாவுக்கு இடது காது கொஞ்சம் கீழ. நான்தான் வருஷாவருஷம் கம்பியை வளைச்சுக் கொடுக்குறேன்."

ஒன்று மாற்றி ஒன்று மாட்டிக்கொண்டே போனார். தட்டில் பாதி காலியானபோது ஒரு ஃபிரேம் அவர் மூக்கின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தம்மாவின் காதுக்காக வளைத்த கம்பி அவர் காதுக்கு ஒத்துவரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதே கோலத்தில் எங்கள் பக்கம் திரும்பினார். முதலாளி ஓடிவந்து, அதை அவர் முகத்திலிருந்து கழற்றாமலே உற்றுப் பார்த்து, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அது அங்கே போனது கடைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பால். லென்ஸ் இருந்தால் வாடிக்கையாளர் சாமான், இல்லாவிட்டால் விற்பனைச் சரக்கு. அங்கே எல்லோர் கைக்கும் பழகிப்போன கணக்கு இது. வெறும் ஃபிரேம் ஒன்று தட்டில் அநாதையாகக் கிடந்தால், சீட்டு அறுந்து விழுந்துவிட்டது என்று நினைத்துப் புதுச் சீட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். மனசு வேறு எங்கேயோ இருக்கும், கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்துவிடும். செய்தவருக்கே அது ஞாபகம் இருக்காது.

முதலாளி மெதுவாக எழுந்து மாஸ்டரிடம் போனார். "மனசுல வச்சுக்காதீங்க மாஸ்டர்."

"வச்சுக்கலை. ஆனா இனிமே என் பையைத் தொடணும்னா என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க" என்றார் மாஸ்டர். முதலாளி தலையாட்டினார். மாஸ்டர் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் லென்ஸ் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கதையாக இருந்தால் இங்கே முடித்திருப்பேன். ஆனால் வெட்கப்பட்டுப் போன மனிதனுக்கு அந்த வெட்கத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. முதலாளியின் குரல் மறுபடி ஏறியது.

"அப்ப இதுக்குச் சீட்டு கட்டினது யாரு? யாரோட வேலை இது?"

சீட்டில் அச்சடித்த விலை மட்டும்தான் இருக்கும், அதில் ஒன்றும் தெரியாது. நூலில் தெரிந்துவிடும். முதலாளி ஒற்றை முடிச்சுப் போடுகிறவர். க்ளைமாக்ஸ் சுருக்கு வைப்பார். பில் போடும் அக்கா மட்டும், மகள்களுக்குத் தலை பின்னிப் பின்னிப் பழகிய கையால், பின்னல் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார். அந்த அக்காதான் மாஸ்டருக்காக அத்தனை நேரம் கண் கலங்கி நின்றவர். இப்போது ஃபிரேமில் தொங்கிய நூலைப் பார்த்தார். அவர் கை தானாக வாய்க்குப் போயிற்று. நானும் பார்த்துவிட்டேன். இதை அச்சில் ஏற்றுவது, முதலாளி மூக்குக்கண்ணாடி விற்பாரே தவிர எதையும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான்.

"கொண்டா இப்படி" என்று முதலாளி கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

க்ளைமாக்ஸ் அதுவரை மாட்டியிருந்த ஃபிரேமைக் கழற்றினார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தும் அதை எடுக்கவில்லை. நூலை வாயில் வைத்துப் பல்லால் கடித்து அறுத்தார். "இந்தாங்க சார்" என்று ஃபிரேமையும் வெறும் விலைச்சீட்டையும் முதலாளி கையில் வைத்துவிட்டு, முடிச்சை மென்றுகொண்டே, அடுத்த வாடிக்கையாளரின் மூக்கைப் பார்க்கத் திரும்பினார்.