பவளத்துக்குச் சுண்ணாம்பு

என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்த காலத்தில்தான் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது. அவரோடு ஒரே கப்பலில் வேலை பார்த்துவிட்டு லீவில் ரங்கூன் திரும்பிய ஒருவர், பபேடான் பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடி வரைக்கும் அதைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். மாமியார் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"என்னா புள்ள, இன்னொரு தொட்டியா?"

"தெரியல மாமி. மச்சான் போன் பண்ணுனா கேப்போம்."

ஏற்கெனவே ஒரு தொட்டி முன்னறையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. முந்தின லீவில் அவர் கட்டியது. உப்புக் கரைத்த தண்ணீர், தெற்குக் கரையிலிருந்து ஒரு சிநேகிதர் படகில் கொண்டுவந்த உயிர்ப் பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தைகள். லீவு முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தவர், கப்பல் அழைத்ததும் தண்ணீர் மாற்றுவது எப்படி என்று ஒரு தடவை காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு அதன்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. செத்துப்போனால் வந்து என்ன சொல்வாரோ என்ற பயம் மட்டும் இருந்தது.

அந்த வாரமே போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பவளம் வளரவே இல்ல, நுனியெல்லாம் மங்கிப்போச்சுன்னு சொன்னீல்ல, அதுக்குத்தான் அனுப்புனேன். அதுக்குப் பேரு கால்சியம் ரியாக்டர். பவளம் எலும்பு கட்டணும்னா சுண்ணாம்பு வேணும். தண்ணியில இருந்ததை எல்லாம் அது தின்னு தீத்துருச்சு."

"அப்ப கொஞ்சம் வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்துனா ஆகாதா?"

அவர் சிரித்தது இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. "வேணாம், வேணாம். பொட்டியில புஸ்தகம் இருக்கு. படிச்சு மாட்டிரு."

"நானா?"

"வேற யாரு இருக்கா? அடுத்த துறைமுகத்துலேருந்து பேசுறேன்."

அதற்கப்புறம் போன் வரவில்லை.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். விஷயம் ஒன்றும் கஷ்டமானதில்லை. கண்ணாடி போன்ற உயரமான குழாயில் செத்த பவளத் துண்டுகளை நிரப்ப வேண்டும். சின்ன பம்பு ஒன்று தொட்டித் தண்ணீரை அதற்குள் சுற்றவிடும். சோடாவில் அடைக்கிற அதே வாயுவைக் குமிழி குமிழியாக உள்ளே விட்டால் தண்ணீர் புளிக்கும்; புளித்த தண்ணீர் அந்த எலும்பைக் கரைக்கும்; கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். செத்த பவளத்தைக் கரைத்து உயிரோடிருக்கும் பவளத்துக்கு ஊட்டுகிற வேலை. மாமியிடம் சொன்னதும் முகத்தைச் சுளித்தார்.

வாயு சிலிண்டருக்காக ஊர் ஓரத்து ஷ்வேப்யிதா வரைக்கும் போனேன். தொழிற்பேட்டையில் வெல்டிங் கடைகளுக்கு வாயு விற்கிற இடம். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பர்மிய மொழியில் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"அமா, பீர் கடை வச்சிருக்கீங்களா?"

"இல்ல. மீன் தொட்டிக்கு."

"மீனுக்கு சோடாவா குடுக்கப் போறீங்க?" பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். சிலிண்டர் வாயின் மரையும் பெட்டியில் வந்த ரெகுலேட்டரின் மரையும் பொருந்தவில்லை என்று தெரிந்ததும், எதிரே இருந்த லேத் பட்டறைக்கு அவரே கூட்டிப்போய் இரண்டுக்கும் நடுவே மாட்ட ஒரு பித்தளைத் துண்டு கடைந்து வாங்கித் தந்தார். சிலிண்டரைப் பார்த்ததும் பஸ்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. வெடித்துவிடும் என்றார்கள். கடைசியில் ஒரு பழைய டாக்ஸி கிடைத்தது. ஓட்டி வந்தவர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே ஓட்டினார்.

பெட்டியில் இன்னொரு சாமானும் இருந்தது. கரண்டு இருக்கும்போது மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வு. ஆனால் அது நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுக் கரண்டில் சொருகினால் எரிந்துபோகும் என்று கீழ்க்கடை எலெக்ட்ரீஷியன் சொன்னார். "இது இல்லாட்டியும் ஓடும் அமா" என்றார். எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

ரியாக்டர் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து எனக்கு உட்கார நேரமில்லை. முதலில் டியூப் மூட்டில் வாயு கசிந்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்து இறுக்கினேன். பிறகு சொட்டு விழுகிற சின்னக் குழாய் அடைத்துக்கொண்டது. கழற்றி ஊதி மாட்டினால் அருவியாகக் கொட்டும், திருகினால் நின்றுபோகும். அடுப்பில் சோறு கொதிக்கும்போது முன்னறைக்கு ஓடுவேன். தொழுகை முடித்து விரிப்பைச் சுருட்டுவதற்குள் கண் அங்கே போய்விடும்.

சொட்டைப் பார்க்கத்தான் ஓடினேனா, போன் பக்கத்தில் இருக்கத்தான் ஓடினேனா என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே அறையில்தான் இருந்தன.

கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். முதல் தடவை, "வந்துரும், காத்திருங்க" என்றார்கள். அடுத்த தடவை போனபோதுதான் உண்மையைச் சொன்னார்கள். முதலாளிகளுக்குள் ஏதோ வழக்காகி, ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆட்களைக் கரையில் இறங்க விடவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை.

"எப்ப விடுவாங்க?"

"அது கோர்ட்டு சொல்லணும்."

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார்.

அந்த நாட்களில்தான் தொட்டியும் கெட்டது. சில நேரம் எல்லாம் சரியாக இருக்கும். சில நேரம் பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பவளங்கள் சதையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு வெறும் குச்சியாக நிற்கும். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தால் மஞ்சளாகிவிடும். புளிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். வாயு அதிகம்போல என்று குறைத்தேன். அடுத்த நாள் சோதித்தால் தண்ணீர் நன்றாக இருக்கும், சுண்ணாம்புதான் ஏறியிருக்காது. கூட்டுவேன். மறுபடி மீன் மேலே வரும். பவளத் துண்டுகளை எல்லாம் கொட்டிக் கழுவினேன். பம்பை மாற்றினேன். எதுவும் பிடிபடவில்லை.

"அதை நிப்பாட்டிப்புடு" என்றார் மாமி. "நீயும் சாப்புடாம, என்னையும் சாப்புட விடாம."

"நிப்பாட்டுனா பவளம் செத்துரும் மாமி."

"செத்தா சாவட்டும். என் புள்ள என்னாகுறானோ, இவளுக்குப் பவளம்!"

கோபத்தில் சொன்னார். நானும் கோபத்தில் பதில் சொன்னேன். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

காரணம் ஒரு மத்தியானம் தெரிந்தது. வெயில் காலம், தினமும் கரண்டு போகும் நேரம். அப்படிப் போனால் நான் வழக்கமாக நனைத்த துண்டை எடுத்துக்கொண்டு மாமிக்கு விசிறப் பின்னறைக்குப் போய்விடுவேன். அன்று மாமி பேசவில்லை என்பதால் நான் முன்னறையிலேயே இருந்தேன். தொட்டிக்குள் தண்ணீரைக் கலக்கும் பம்பு மட்டும் பேட்டரி இன்வெர்ட்டரில் ஓடியது; மீன் மூச்சுவிட வேண்டுமென்று என் வீட்டுக்காரர் அப்படி அமைத்திருந்தார். பிறகு வந்த ரியாக்டரைச் சாதாரணக் கரண்டில்தான் மாட்டியிருந்தேன். அதன் பம்பு நின்றிருந்தது. உள்ளே தண்ணீர் அசையவில்லை. ஆனால் குமிழி ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்து பக்கத்தில் போனேன். வாயுவுக்குக் கரண்டு எதற்கு? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாயின் உச்சியில் வாயு திரண்டு, தண்ணீர்மட்டம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் "மீ லா பீ!" என்று கத்தியது, கரண்டு வந்துவிட்டது. ரியாக்டர் பம்பு ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. இவ்வளவு நேரமும் புளித்துக்கிடந்த தண்ணீர் மொத்தமாகத் தொட்டியில் போய் இறங்கியது. மீன்கள் மேலே வந்தன.

"மாமி! மாமி, இங்க வாங்க!"

பேசாமலிருந்தவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். போன் என்று நினைத்துவிட்டார். நான் குழாயைக் காட்டியதும் அவர் முகத்தில் வந்து போனதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று நான் சொன்னதை எல்லாம் கேட்டார். "அப்ப கரண்டு போறப்பல்லாம் வாயுவை யாராவது மூடணும், அதானே?" என்றார்.

அலமாரியில் கிடந்த வால்வின் வேலையே அதுதான். கீழே தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் விற்காத கடை இல்லை. ஏறி இறங்கும் கரண்டுக்கு ரங்கூனில் எல்லா வீட்டிலும் அது வேண்டும். வால்வைக் கையோடு எடுத்துப்போய், அதற்குத் தகுந்த மாதிரி நூற்றுப்பத்து வோல்ட் தருகிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அடுத்து கரண்டு போனபோது வால்வு 'டக்' என்று மூடியது. குமிழி நின்றது. கரண்டு வந்ததும் திறந்தது. மீன்கள் தங்கள் பாட்டுக்கு அடியில் திரிந்தன.

ஒரு மாதத்துக்குள் கிளைப் பவளத்தின் நுனிகளில் வெள்ளையாகப் புது எலும்பு அரும்பு விட்டது. பாறைகளில் ரோஜா நிறம் படர்ந்தது. மாமி தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதுவரை பழுது பார்க்க ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல், பால்கனிக்கும் போனுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மழைக்காலத்தின் நடுவில் அவர் வந்தார். கோர்ட்டு ஆட்களை விடச் சொன்ன சேதியை முன்னால் சொல்லக்கூட இல்லை. மெலிந்து, கன்னம் ஒட்டி, வாசலில் நின்றார். மாமி அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தார். அவர் தொட்டியைப் பார்த்து, "நல்லா வச்சிருக்க" என்றார். அவ்வளவுதான். முன்போல அதன் முன்னால் உட்காரவில்லை.

கரண்டு போகும்போதெல்லாம் அவர் எழுந்து போய்விடுவதை நான் கவனிக்கச் சில நாளானது. சாப்பாட்டில் கை வைத்திருப்பார். விளக்கு அணையும், ரியாக்டர் பம்பின் ரீங்காரம் நிற்கும்; தண்ணீருக்குள் ஓடும் மற்ற பம்பு சத்தம் போடாது. கையை உதறிவிட்டுப் படியிறங்கித் தெருவுக்குப் போய்விடுவார். மழையில் தெருமுனைக்கும் பள்ளிவாசலுக்குமாக நடப்பார். ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"என்னா மச்சான், என்ன செய்யுது?"

குடைக்குள் வந்து நடந்துகொண்டே சொன்னார்.

"கப்பல்ல எண்ணெய் தீந்துபோச்சு. ஜெனரேட்டர் நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்ல. ஒரு பம்பு இல்ல, ஃபேன் இல்ல. மாசக்கணக்கா அப்படியே கெடந்தோம். காதை அடைச்ச மாதிரி இருக்கும். இங்க அது நிக்கிறப்ப... வீட்டுல இருக்கேன்னு தெரியுது. ஆனா உக்கார முடியல."

மறுநாள் நான் போய் இன்னொரு பேட்டரி வாங்கி வந்தேன். ரியாக்டர் பம்பையும் வால்வையும் இன்வெர்ட்டரில் சேர்த்தேன். பவளத்துக்கு அது தேவையே இல்லை. வால்வு போட்ட பிறகு அது நின்று நின்று ஓடினாலும் கெடுதல் கிடையாது. அவரிடம் நான் எதையும் விளக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கரண்டு போனது. தெரு இருண்டது. பக்கத்து வீட்டு டி.வி. நின்றது. அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமி மெழுகுவர்த்தியைத் தேடி எங்கேயோ இடித்துக்கொண்டு திட்டினார்.

"குழம்பு இன்னும் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

ஒரு வருஷம் கரையில் இருந்தார். மிங்கலாடோனில் ஒரு பம்பு பட்டறையில் வேலை பார்த்தார். அப்புறம் ஒரு நாள் கப்பல் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. நான் தடுக்கவில்லை; தடுத்தாலும் நின்றிருக்க மாட்டார். விமான நிலையத்துக்குப் போகிற வழியில், டாக்ஸியில் என் பக்கம் திரும்பி, "இந்தத் தடவ வேற கம்பெனி" என்றார்.

"எந்தக் கம்பெனியா இருந்தா என்னா மச்சான்," என்றேன், "எண்ணெய் இருக்கான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார். கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.