உண்ணிச்செடி தின்ற பசு

நேற்று சேந்தமங்கலம் சாலையில் பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் உண்ணிப் புதருக்குள் விழுந்தேன். நசுங்கிய இலையின் நெடி ஏறியதும் என் இரு கைகளும் தாமாகவே பின்புறத்தைப் பொத்திக்கொண்டன. ஐம்பது வயது ஆளுக்கு இது அழகா?

இந்தப் பழக்கம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மலைமேல் வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஒரு காலத்தில் அழகுக்கு வைத்த பூச்செடிதான் உண்ணி. குருவிகள் அதன் விதையை எங்கள் ஊர்க் கரட்டு மேடு வரை கொண்டுவந்துவிட்டன. மழை பொய்த்த வருசம். புல் தேடச் சோம்பல்பட்டு, அந்தச் செடியையே அறுத்து வெள்ளைப் பசுவுக்குப் போட்டேன். நாலாம் நாள் அதன் மூக்கும் காதும் வெந்து தோல் உரிந்தன.

"செல்லப்பன்தான் சுடுதண்ணி ஊத்தியிருக்கான்!" என்றார் அப்பா. நான் மாமன் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் செல்லப்பனின் பருத்தியை எங்கள் பசு மேய்ந்ததில் ஏற்கெனவே சண்டை. அப்பா அவரை எங்கள் வாசலுக்கு இழுத்துவந்து சாட்டைக் கம்பால் விளாசினார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

ஆடு மேய்க்கும் பாவாயி ஓடிவந்தாள். "நிறுத்துங்க! உண்ணிச்செடி தின்ன மாட்டுக்கு வெயில் பட்டா இப்படித்தானுங்க உரியும்." கட்டுத்தரையில் கிடந்த தழையைத் தூக்கிக் காட்டினாள். "இதை ஆருங்க அறுத்துப் போட்டது?"

ஓடினேன். அப்பா நுழையக் கூசும் வீடு ஒன்றுதான் தோன்றியது. செல்லப்பன் மாமன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமன் தள்ளாடி வந்து என்னைப் பார்த்துவிட்டார். அதற்குள் வாசலில் அப்பாவின் குரல்.

"பையன் இங்க வந்தானா?"

"இல்லீங்களே," என்று மாமன் கதவைச் சாத்தினார். தெய்வமே என்று காலில் விழப்போனேன். அவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏஞ்சாமி, உங்கப்பன் எத்தன அடி போட்டான்னு எண்ணுனியா?"

"இல்லீங்க மாமா."

"நான் எண்ணுனேன்."