படிவத்தில் ஏற்றிய ஏலக்காய்

கம்பெனியைத் திட்டுகிற நாங்கள் எல்லோரும் அதன் சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் திட்டுகிறோம். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போடியில் ஏலக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் கிளையில் எனக்கு வேலை. மாதக் கடைசியில் சம்பளம் தவறாமல் வங்கியில் விழுந்துவிடும். என் அப்பா இதே ஊர் ஏலக்காய்க் கடைகளில் மூட்டை தூக்கியவர். இடுப்பு போனதும் முதலாளி அவருக்குக் காட்டிய கருணை, உட்காரப் போட்ட ஒரு ஸ்டூல்தான். என் மகளுக்கு இதயத்தில் ஓட்டை என்று மதுரையில் சொன்னபோது, நான் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டினேன். ஆபரேஷன் நடந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொன்று செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் கார்டை இன்றைக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன்.

மற்றதெல்லாம் எரிச்சல். ஏலச்செடி தூரடியில் காய்க்கும் என்றுகூட அறியாதவர்கள் வடக்கே எங்கேயோ உட்கார்ந்து எங்களுக்குக் காய் வாங்கச் சொல்லிக் கொடுப்பார்கள். மலையில் அடைமழை பெய்து பாதை சரிந்தால், வரத்து ஏன் குறைந்தது என்று படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் விளக்கம் எழுத வேண்டும். மழை என்று எழுதினால் பத்தாது, மழையைத் தடுக்க எடுத்த நடவடிக்கை என்ன என்று அடுத்த கட்டம் கேட்கும்.

தோட்டக்காரர்களிடம் நேரடியாக வாங்கும் திட்டம் ஒன்று வந்தது. மருந்து அடிக்காத காயாக இருக்க வேண்டும். போடிமெட்டுக்கு மேலே சின்னத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை நான்தான் அதில் இழுத்துவிட்டேன். முறைக்கு மாமா. அதுவரை போடியில் ஒரு பாய் கடைக்குத்தான் காய் போட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தினார். மருந்து அடிக்காவிட்டால் பூச்சி கடித்துக் காய் சொறி பிடித்துப்போகும். ஏலத்தில் அதை எவரும் தொடமாட்டார்கள், எங்கள் கம்பெனி மட்டும்தான் வாங்கும். அதாவது நாங்கள் விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

முதல் காயெடுப்பில் உலர்த்தியதில் ஒரு பிடியைத் தாளில் மடித்து, காய் வாங்குகிறவர் கையில் கொடுப்பது மலைக்காரர்கள் வழக்கம். வேண்டாம் என்று சொன்னால் விளைச்சலையே பழித்த மாதிரி. மாமாவும் கொண்டுவந்தார்.

"பிடி மாப்ளே, மொதக் காய்."

வாங்கிக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். அந்த வாரம்தான் கம்ப்யூட்டரில் ஒழுக்கப் பயிற்சி முடித்திருந்தேன். எவ்வளவு சிறிய பரிசானாலும் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நேர்மையானவன் என்று நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்கிற ஆசையும் எனக்கு இருந்தது, மறைப்பானேன். படிவத்தைத் திறந்தேன். கொடுத்தவர் பெயரைப் போடாமல் அது நகரவில்லை. எதற்காகக் கொடுத்தார் என்பதற்கு இரண்டே விடைகள்: தனிப்பட்டது, வியாபாரம் தொடர்பானது. வழக்கம் என்று ஒரு விடை இல்லை. இரண்டாவதைத் தொட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மாமாவின் சப்ளையர் நம்பரை நிறுத்திவிட்டார்கள், இனி அவரிடம் காய் வாங்க முடியாது. இங்கிலீஷில் வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் இறங்கி வந்தார்.

"என்ன போட்ருக்கு, வாசி."

"பணியாளருக்கு ஆதாயம் குடுக்கப் பாத்தீகன்னு போட்ருக்கு மாமா."

"எந்தப் பணியாளருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டார். "அந்தப் பிடிக் காயா? வெவரந் தெரியாம எவனோ எழுதிவிட்ருக்கான். நீ வெரசா ஒரு கடுதாசி போடு மாப்ளே. நீ சொன்னாக் கேப்பாங்க."

அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலையே மெயில் எழுதினேன். இது லஞ்சம் இல்லை, ஊர் வழக்கம், தவறாகப் பதிந்தது நான் என்று நன்றாகவே எழுதியிருந்தேன். அனுப்பும் முன் மேனேஜரிடம் காட்டினேன். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டீ வரவழைத்துவிட்டுத்தான் பேசினார்.

"தாராளமா அனுப்புங்க. ஆனா வழக்கம்னு எழுதினா, இதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட வாங்கினீங்கன்னு கேப்பாங்க. விசாரணை முடியிறவரை வேலைக்கு வர வேண்டாம்பாங்க. வேலை போனா இன்ஷூரன்ஸும் போயிடும். பாப்பாவுக்கு இன்னொரு ஆபரேஷன் இருக்குல்ல?"

மெயிலை அழித்தேன். அவர் அழிக்கச் சொல்லவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. என் விரல்தான் அழித்தது. நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் நாளைக்கே இன்னொரு முறை அப்படி உட்காரவைத்தாலும் அதையேதான் செய்வேன். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

மாமா போன் போட்டுக்கொண்டே இருந்தார். "எழுதுனியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். பதில் வந்ததா என்றார். மேலே கிடக்கிறது என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக் கொடுத்து அந்தச் சீசனை ஓட்டினேன். அவருடைய சொறிக் காய் ஏலத்துக்குப் போய், கேட்க ஆள் இல்லாமல் திரும்பி வந்தது. கடைசியில் பழைய பாய் கடைக்கே போய் நின்றார். பாய் ஒன்றும் குத்திக் காட்டாமல் எடுத்துக்கொண்டார், அடிமாட்டு விலைக்கு.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாட்டிக்கொண்டேன். மாமா மலைக்காரர்கள் இரண்டு பேருடன் நின்றிருந்தார். நழுவப் பார்த்தேன், கையைப் பிடித்து இழுத்துவிட்டார். கூட இருந்தவர்கள் எங்கள் கம்பெனியை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களை அடக்கினார்.

"இவன மட்டும் சொல்லாதீக. எனக்காக மேல வரைக்கும் எழுதிப் போட்ட பய இவன் ஒருத்தன்தான். அவங்க கேக்கலேன்னா இவன் என்ன செய்வான்?"

அந்த இரண்டு பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். என் டீக்கும் சேர்த்து மாமாவே காசு கொடுத்தார். நான் தடுக்கவில்லை.