டீக்கடை பாய்லரில் ஓடிய பெட்ரோல் இன்ஜின்

சத்தியம், சத்தியம், சத்தியம்! சுருளி அருவிக்குக் கீழே நிறுத்தி வைத்துக் கேட்டாலும் இதில் ஒரு சொல் மாறாது. மெக்கானிக் தொழிலில் கெட்டுப்போன இன்ஜின் வந்தால் பயமில்லை. நல்ல இன்ஜினோடு ஒருத்தர் வந்து நின்றால்தான் பயம். ஸ்பேனர் பிடித்த என் இனத்தாருக்கு இது தெரியும்.

நல்ல இன்ஜின்

திராட்சைத் தோட்டக்காரர் அந்தோணி கம்பம் டவுனில் என் பட்டறைக்கு வந்தது அப்படித்தான். தோட்டத்துப் பக்கம் டிரான்ஸ்பார்மர் எரிந்து ஆறு நாள். கரண்ட் ஆபீஸில் கேட்டால் நாளைக்கு என்றார்களாம். ஆறு நாளும் அதே நாளைக்கு. காய் பெருக்கும் நேரம். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பந்தலில் தொங்குவது உலர்திராட்சைதான்.

பெட்ரோல் பம்புசெட் ஒன்று வைத்திருந்தார். பெட்ரோல் பங்கில் கேனில் ஊற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். பைக்கில் போட்டு உறிஞ்சி எடுக்கலாமே என்றேன். அதையும் செய்து, ஒரு மடக்கு விழுங்கி, ஒருநாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"பெட்ரோல் வாசமே ஆகாதுண்டு டாக்டர் சொல்லிட்டாகண்ணே. தண்ணியில ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க."

பாய்லர் ஊர்வலம்

தண்ணீரில் ஓட நீராவி வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் நீராவிக் குழாயைத் திருகினேன். சுற்றுக்குச் சுற்று ஆவி வெளியேற, வால்வைத் திறக்கும் கேம் ஷாப்டில் இரண்டாவதாக ஒரு மூக்கை வெல்டிங் வைத்தேன். எரிக்க, கவாத்தில் வெட்டிப் போட்ட கொடிக்குச்சி தோட்டத்திலேயே மலையாகக் கிடந்தது. பாய்லர்தான் இல்லை.

பாய்லர் என்றால் தோட்டத்து ஊரில் ஒன்றே ஒன்று, செல்லையா டீக்கடையின் செம்பு பாய்லர். கடையைப் பூட்டினால் கஸ்டமர் எதிரே சட்டியில் டீ போடும் கடைக்குப் போய்விடுவான் என்று முதலில் மறுத்தார். பிறகு பாய்லரோடு பெஞ்சு, கிளாஸ், சீனி டப்பா எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

"பாய்லர் எங்கனயோ கடையும் அங்கனதாண்ணே."

மூச்சு வாங்கியது

மூடியை இறுக்கித் தீ மூட்டியதும் இன்ஜின் ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். அந்நேரம் பார்த்து ஒருவர் டீ கேட்டார். செல்லையா பாய்லர் குழாயைத் திருகினார். இன்ஜின் மூச்சு வாங்கி நின்றது. பெஞ்சு நிறைய ஆள். சாயங்காலத்துக்குள் நனைந்தது இரண்டே வரிசை. அந்தோணி கிளாஸைப் பிடுங்கப் போக, பெஞ்சிலிருந்த பெரியவர் அசையாமல் சொன்னார்:

"விடுப்பா. கொடி ஆறு நாள் தாங்கிருச்சு, நாங்க தாங்க மாட்டோம்."

பாலாய் வெளுத்த ஆயில்

ஆவி கசிந்து ஆயிலில் கலந்தால் ஆயில் வெளுத்துக் கெட்டியாகிவிடும். மறுநாள் காலை அதை வடித்து, கைக்குக் கிடைத்த கிளாஸில் பிடித்துப் பெஞ்சில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் கிளாஸ் பாதி காலி. கொத்தனார் ஒருவர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீ நல்லா திக்காத்தான் இருக்கு. சீனிதான் பத்தல."

லைன்மேன்கள்

மதியம் இன்ஜின் இறுகி நின்றேவிட்டது. காய்த் தோல் சுருங்க ஆரம்பித்திருந்தது. அந்தோணி பந்தலுக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்போது இரண்டு லைன்மேன்கள் பைக்கில் வந்தார்கள். செல்லையா டீ இல்லாமல் போஸ்டில் ஏறாதவர்கள். கடையைக் காணாமல் புகையைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்கள்.

அந்தோணி எழுந்தார். பாய்லர் குழாயில் சங்கிலி போட்டுப் பூட்டினார். டிரான்ஸ்பார்மர் வந்தால்தான் இனி யாருக்கும் டீ என்றார். பெஞ்சு மொத்தமும் லைன்மேன்களைத் திரும்பிப் பார்த்தது.

நாலு மணிக்கு லாரியில் டிரான்ஸ்பார்மர் வந்தது. கரண்ட் மோட்டார் ஓடி, பொழுது இறங்குவதற்குள் கடைசி வரிசை வரைக்கும் தண்ணீர். நீராவிக் குழாயைக் கழற்றப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார் அந்தோணி.

"கழட்டிராதீகண்ணே. அடுத்தவாட்டி எரிஞ்சா அவுகள எதை வச்சு வரவழைக்க?"

கடைசியில் நீராவியில் ஓடியது கரண்ட் ஆபீஸ்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் என் பட்டறைக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.