பெரிதாகிக்கொண்டே போன பொட்டு

முகத்துக்கு வேலை செய்கிற தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களுக்குத் தங்கள் முகம் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரியின் முகம்தான் வேண்டும். கையில் நூலும் கிண்ணமுமாக என்னைப் போலவே மாரடிக்கும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கோலா சிலாங்கூருக்கு வெளியே, தோட்டத்து லயத்தை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் முன்னறைதான் என் பார்லர். ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, ஆவி பிடிக்கிற மெஷின், அந்த மெஷினின் ஒயரைப் பிடித்து இழுக்க ஒரு வயதில் என் மகள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கிள்ளானில் அழகுக்கலை வகுப்புக்குப் போய்வந்தவள் நான். போன வருடம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்குக் கெர்லிங்கிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. நல்ல பையன், நல்ல இடம், அந்த வீட்டுப் பெண் தேவிக்கும் பிடித்திருந்தது. அதிலிருந்து அந்த வீட்டு முகங்கள் ஒவ்வொன்றாக என் கட்டிலுக்கு வர ஆரம்பித்தன.

முகத்துக்கும் பத்தியம்

முதலில் வந்தவள் கல்யாணப் பெண் தேவி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. கூடவே அவள் அம்மா பார்வதி அக்கா, எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை நாற்றங்காலில் வெயிலில் நிற்கிறவர். தேவியின் மூக்கும் நெற்றியும் அப்பளம் பொரிக்கலாம் போல எண்ணெய் வழிய, தாடையில் பருக்கள். அம்மாவின் கன்னமோ வெடித்துப்போன வயல். என்ன சோப்பு போடுகிறீர்கள் என்றேன். குளியலறையில் இருக்கிற ஒரே சோப்புதான், அப்பா கிரீஸ் கையைக் கழுவுகிறதும் அதில்தான் என்றார்கள்.

இரண்டு பேரையும் முகம் கழுவச் சொல்லி, ஒன்றும் தடவாமல் சும்மா உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குத் தோல் இழுத்துப் பிடித்தது, மகளுக்கு மறுபடியும் பளபளத்தது. இதுதான் வித்தியாசம் என்று காட்டினேன். தேவிக்குக் காரமில்லாத ஃபேஸ் வாஷ், காலையும் மாலையும் மட்டும். அடிக்கடி தேய்த்துக் கழுவினால் தோல் எரிச்சலாகிப் பரு இன்னும் கிளம்பும், கிள்ளவே கூடாது. அம்மாவுக்குச் சோப்பே வேண்டாம், முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். ஒரே வீட்டில் ஆளுக்கொரு சாமானா என்று அக்கா முணுமுணுத்தார். உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குச் சர்க்கரை என்று தனியாகச் சமைக்கவில்லையா என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினார்.

“அப்போ மூஞ்சிக்கும் பத்தியம் இருக்குன்னு சொல்லு.”

வலது கன்னம்

அடுத்து வந்தவர் அந்த வீட்டுத் தலைவர் முனியாண்டி அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வாசலிலேயே நின்றுகொண்டு, பெண்கள் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பெண் பார்க்க வரும் அன்று எடுக்கிற போட்டோவில் தன் முகம் இரண்டு ஆள் முகம் மாதிரி விழும் என்பது அவர் கவலை. உண்மைதான். இடது கன்னம் மாநிறம், வலது கன்னமும் வலது கையும் கருத்துக் கிடந்தன. ஜன்னல் பக்கத்து வெயில். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயிலில் பாதி உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும் என்று சொல்லி, சன்ஸ்கிரீன் டியூப் ஒன்றைக் கொடுத்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடியும். ஒரு நாளில் மாறாது, விடாமல் போட்டால் கருப்பு கூடாமலாவது இருக்கும் என்றேன்.

கூட்டாளிகள் பார்த்தால் மானம் போய்விடும் என்றார். மருந்து என்று சொல்லுங்கள் என்றேன். வாங்கிப்போய் ஸ்பேனர் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாராம். ஒரு வாரம் கழித்து, இந்தத் தடவை தைரியமாகவே உள்ளே வந்தார்.

“தங்கச்சி, அந்த மருந்து இன்னும் மூணு டியூப் குடு லா, லோரிக்காரனுங்க எல்லாருக்கும் நோவு வந்துருச்சு.”

பெயரில்லாத டப்பா

அந்த வாரம்தான் ஒரு அம்மா பை நிறைய டப்பாக்களோடு வந்தார். வெள்ளை கிரீம். மூடியில் ஒரு ரோஜாப்பூ தவிர வேறு எழுத்து இல்லை, என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பத்து நாளில் சிவப்பு நிறம் என்றார். என்ன இருக்கிறது என்று தெரியாததை நான் யார் முகத்திலும் வைக்கமாட்டேன் என்றேன். வெள்ளையாக்காமல் எத்தனை நாளைக்குப் பார்லர் நடத்துவாய் என்று கேட்டுவிட்டுப் போனார். நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன், அந்தம்மா பார்த்தால் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் வேலை விட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்தார் பார்வதி அக்கா. நான் திருப்பியனுப்பிய டப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். அது தனக்கு வேண்டும் என்றார். தேவிக்கா என்றேன். இல்லை, தனக்குத்தான். மஞ்சளும் பொட்டும் தவிர முகத்தில் எதுவும் வைத்தறியாத மனுஷி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவது உங்களையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மூஞ்சி முழுக்க வெள்ளையாயிட்டா, அந்த எடம் மட்டும் தனியாத் தெரியாதுல்ல?”

பொட்டுக்கு அடியில்

எந்த இடம் என்று கேட்டதற்கு நெற்றியைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு முன்பெல்லாம் மிளகு மாதிரி இருக்கும், பிறகு சுண்டைக்காய் அளவு, இப்போது ஐம்பது காசு நாணயத்தையே மறைத்துவிடும். புருவத்துக்கு நூல் போடும்போதெல்லாம், பொட்டைத் தொடாதே, மற்றதைப் பார் என்பார். பக்தி என்று நினைத்திருந்தேன்.

மெதுவாக உரித்தேன். அடியில் வெள்ளையாக ஒரு வட்டம், ஓரத்தில் லேசான சிவப்பு. இது அந்த வெள்ளைத் தோல் நோய்தான், குடும்பத்தில் வரும் என்று சொல்வார்களே, கெர்லிங்காரர்கள் பார்த்தால் தேவியை வேண்டாம் என்றுவிடுவார்கள் என்று அழ ஆரம்பித்தார். புருஷனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. வெள்ளை எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் அதைவிடப் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டியிருக்கிறார். ராத்திரியும் எடுப்பதில்லை.

நான் பார்த்தது வேறு. நோய்க்குப் பொட்டின் அளவு எப்படித் தெரியும்? காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். வேறெங்காவது இருக்கிறதா என்று கை, கால், கழுத்தெல்லாம் பார்த்தேன், இல்லை. பொட்டுப் பசை சிலருக்கு ஆகாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் இது நான் கிரீம் தடவித் தீர்க்கிற காரியமில்லை, டாக்டர் பார்க்கட்டும் என்றேன். மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனேன். மலாய்க்கார டாக்டரம்மா ஒரு விளக்கை வைத்துப் பார்த்தார், ஒட்டியிருந்த பொட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பசையால் வந்ததுதான் போலிருக்கிறது, பிள்ளைகளுக்கு வராது, மற்றவர்களுக்கு ஒட்டாது என்றார். நீங்கள் பயந்த நோயாகவே இருந்தாலும் அதுவும் ஒட்டாது என்று சேர்த்துச் சொன்னார். களிம்பு எழுதிக்கொடுத்தார். நிறம் மெதுவாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம், ஸ்டிக்கர் மட்டும் இனிமேல் கூடவே கூடாது.

டாக்டரம்மா சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்காவின் முகம் தெளிந்தது. வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மறுபடியும் வாடிவிட்டது.

“புருஷன் உசுரோட இருக்கறப்ப, சம்பந்தி முன்னால வெறும் நெத்தியோட நிக்கச் சொல்றியா?”

மறைக்கிற வேலை

மறைப்பது என் தொழில். களிம்பு போட்டுச் சிவப்பு அடங்கியதும், ஒரு நாளைக்கு மட்டும் அந்த வட்டத்தைத் தோல் நிறத்துக்கே கொண்டுவந்துவிடுவேன், மாப்பிள்ளை வீட்டார் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் தெரியாது. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, கை அப்படிப் பழகியிருக்கிறது. அக்கா வீட்டில் சொல்லி முனியாண்டி அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும், அவர் திருநீற்றைப் பட்டையாக அடித்துவிட்டால் தீர்ந்தது என்றார். தேவி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் பார்க்க வரும் அன்று காலை தேவிக்கு மேக்கப் முடித்தேன். புதுச் சாமான் எதையும் அன்றைக்குத் தொடவில்லை. எல்லாம் முன்கூட்டியே முழங்கையின் உட்பக்கம் தடவிப் பார்த்து, அரிக்கவில்லை என்று தெரிந்தவை. பருக்கள் அடங்கியிருந்தன. மறைக்க அதிகமில்லாத முகத்துக்கு வேலை செய்வதில் இருக்கிற சுகம் உங்களுக்குத் தெரியும். அப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பிக் கன்சீலரைத் திறந்தேன். பார்வதி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். வகிட்டில் மட்டும் குங்குமம் வைத்துக்கொண்டார். நெற்றியை அப்படியே விட்டார்.

“இன்னிக்கு மறைச்சா கல்யாணத்துக்கும் மறைக்கணும், வளைகாப்புக்கும் மறைக்கணும். ஒன்னால தெனம் காலையில வர முடியுமா, கவி?”

கெர்லிங் அம்மா

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், நெற்றியில் கருஞ்சிவப்பில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு. உட்கார்ந்ததிலிருந்து அவர் தேவியைப் பார்க்கவில்லை, பார்வதி அக்காவின் நெற்றியைத்தான் பார்த்தார். நான் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். அக்கா அதைக் கவனித்தார், கவனித்துவிட்டுத் தானாகவே சொன்னார். பொட்டுப் பசை ஒத்துக்கொள்ளவில்லை, தெரியாமல் பெரிசு பெரிசாக ஒட்டிக் கெடுத்துக்கொண்டேன், டாக்டரிடம் காட்டியாயிற்று, குடும்பத்தில் வருவதில்லையாம். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஆண்கள் அவசரமாக உலு யாமில் புது ரோடு போடுவதைப் பற்றிப் பேசினார்கள்.

கை கழுவ வேண்டும் என்று அந்தம்மா எழுந்தார். தண்ணீர்க் குழாயைக் காட்ட நான் பின்னால் போனேன். அங்கே வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பொட்டை உரித்தார். அடியில் சிவந்து, சொறிந்து சொறிந்து தடித்த தோல், நடுவில் சின்னதாக வெளுப்பு. மாதக்கணக்கில் அரிக்கிறதாம். பையனுக்குப் பெண் தேடுகிற நேரத்தில் யாரிடம் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பார்லர் வைத்திருப்பவள் என்று சொல்லி, ஒட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று, அக்காவிடம் சொன்னதையே சொன்னேன். குழாயைத் திறந்து நெற்றியை நன்றாகக் கழுவினார். பொட்டைத் திரும்ப ஒட்டவில்லை. அப்படியே உள்ளே போய்ப் பார்வதி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெறும் நெற்றியோடு இரண்டு சுமங்கலிகள். அவர் புருஷன் பேச்சை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தார். அந்தம்மா அவரைக் கவனிக்காமல், தேவியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு, என்னைக் கைகாட்டிப் பார்வதி அக்காவிடம் கேட்டார்.

“அண்ணி, தேதிய அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல இந்தப் பொண்ணு கடை எத்தன மணிக்குத் தொறக்கும்னு சொல்லுங்க.”

ஆக, எண்ணெய்த் தோல், வறண்ட தோல், இரண்டும் கலந்த தோல், எதுவும் ஆகாத தோல் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்த என் வாத்தியாரம்மா, சம்பந்தித் தோல் என்று ஒரு வகை இருப்பதை மட்டும் எப்படியோ சொல்லாமல் விட்டுவிட்டார்.