ஊர் எது, ஊடு எங்கே?

நீலகிரியில், எமரால்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்தபோது, எங்கள் வட்டாரத்தில் மனிதர்களே வசிக்கவில்லை என்று ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். ஜீப்பில் வந்து, டீ குடித்து, ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் பள்ளியைக் கீழே இருக்கும் பெரிய பள்ளியோடு இணைக்கலாமா என்று பார்க்க வந்தவர் அவர். இணைத்தால் பிள்ளைகள் காட்டெருமை மேயும் தேயிலைக்காட்டு வழியாகத்தான் தினமும் நடக்க வேண்டும். உள்ளூர்க் குடும்பங்கள் போதுமான அளவு இருந்தால் பள்ளி தப்பும். பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்து, அவர் ஆசையாகக் கேட்ட கேள்வி இது: “உங்க சொந்த ஊர் எது?”

அப்படிக் கேட்டால் நம் ஆட்கள் இருக்கிற ஊரையா சொல்வார்கள்? தாத்தா கிளம்பி வந்த ஊரைச் சொல்வார்கள். மளிகைக்கடை பஷீர் பாய், “மேட்டுப்பாளையமுங்க” என்றார். அவர் பிறந்ததே இங்கே, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில். கொழுந்து பறிக்கும் முத்துலட்சுமி, “கண்டிங்க” என்றார். சிலோனிலிருந்து வந்தவர் அவருடைய அப்பா. இவர் கண்டியைக் காலண்டர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பிழைக்க வந்து பிள்ளையையும் இங்கேயே பெற்ற சுனிதா, “ஜார்க்கண்ட்” என்றார். என்னைக் கேட்டாலும் அவிநாசி என்றுதான் சொல்லியிருப்பேன், அங்கே எனக்கு ஒரு சுவர்கூட இல்லை. இந்த மலையையே சொந்த ஊர் என்று சொல்லக்கூடிய படகர் வீட்டுப் பிள்ளைகளோ, ஊட்டி இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

அதிகாரி முகம் மலர்ந்தது. “எல்லாரும் வெளியூரு. ஒருத்தர் ஃபாரின் வேற. வசதியான ஏரியாதான் போல, மேடம்” என்றார்.

வசதியான ஏரியாவில் மழைக்கு ஒழுகாத வகுப்பறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில்தான் அவரை உட்காரவைத்திருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், நான் ஒருக்கா கேக்கட்டுங்களா?”

“கேளுங்க, கேளுங்க.”

நான் பெற்றோர் பக்கம் திரும்பி, “ஏனுங்க, உங்க ஊடு எங்கேங்க?” என்று, வீட்டை ஊடு என்னும் எங்கள் பேச்சிலேயே கேட்டேன்.

அத்தனை கைகளும் ஜன்னல் பக்கம் நீண்டன. தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்திருக்கும் லைன் வீடுகள் அங்கே வரிசையாகத் தெரிந்தன, ஓரத்தில் பஷீர் பாய் கடையும். “அதோ, தண்ணித்தொட்டி பக்கத்துலங்க” என்றார் சுனிதா, சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில். வெளியூர்க்காரர்கள் ஐந்தே நிமிடத்தில் உள்ளூர்க்காரர்கள் ஆனார்கள். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டுத் திருப்பி எழுதினார். பள்ளி தப்பியது.

கடமை தவறாதவர், அடுத்த கேள்விக்கும் போனார். “ஏம்மா, சொந்த வீடா?”

முத்துலட்சுமி யோசித்தார். “வேல இருக்கற வரைக்கும் சொந்தமுங்க சார். வேல முடிஞ்சா சாவியக் குடுத்துரோணும்.”

அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதிகாரி ‘ஆம்’ என்று டிக் அடித்துக்கொண்டார்.

மலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். இங்கே யாரிடமும் ஊர் எது என்று கேட்காதீர்கள், ஊடு எங்கே என்று கேளுங்கள். அது யாருடைய ஊடு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.